ஒன்பதாம் எண் குவளை

அத்தியாயம் 14

அப்பாவின் சுண்ணாம்பு டப்பியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தபோது, யார் வீட்டு நகையையோ தூக்கிக்கொண்டு போவது போலிருந்தது உமாராணிக்கு.

பக்கிரிசாமி பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. குளித்து, சாமி கும்பிட்டு, பசியாறி முடித்த பிறகுதான் வெற்றிலைக்குக் கை போகும். எப்படியும் எட்டரை ஆகும். அவர் டப்பியைத் தேடும்போது தான் வீட்டில் இருக்கப்போவதில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போதைக்கு ஆறுதல்.

டப்பியில் பாதிச் சுண்ணாம்பை நேற்றே சுரண்டி ஒரு புட்டித் தண்ணீரில் கலக்கி வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் வெள்ளையெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அந்தத் தெளிவை மட்டும் வேறு புட்டிக்கு மாற்றிக்கொண்டாள். போதாவிட்டால் என்ன செய்வது என்றுதான் டப்பியும் கூடவே வந்தது.

எல்லாம் நளினிக்காக.

நான்கு ஆண்டுகளாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணி, போன வாரம் லூனாஸ் சந்தையில் கீரைக்கட்டும் கையுமாக எதிரே வந்து நின்றாள். நலம் விசாரித்தாள். வேறு பள்ளிக்கு மாறுதல் கிடைத்துவிட்டது, மாதக் கடைசியில் அலோர்ஸ்டாருக்குப் போகிறேன், அங்கே மெர்கோங்கில் வீடு பார்த்தாகிவிட்டது என்றாள். போவதற்கு முன் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் ஒரு விளையாட்டு நடத்த வேண்டும், அதற்குப் பிள்ளைகளைத் தெரியாத ஓர் ஆள் தேவை, கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவோடு வருகிறாயா என்று கேட்டாள். எதற்கு என்றுகூடக் கேட்காமல் உமா தலையாட்டிவிட்டாள். கூலிமில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் வியாழக்கிழமைக்கு லீவும் எழுதிக் கொடுத்தாள்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராததற்குக் காரணம் இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அந்த ஆகஸ்டில், ஒரே வாரத்துக்குள் கோவிட் அவர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தது. வெள்ளிக்கிழமை நளினிக்குக் காய்ச்சல். ஞாயிறு அண்ணன் வசந்தனுக்கு. திங்கள் அப்பாவுக்கு. அப்பா எழுந்து உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் போன வசந்தன் திரும்பி வரவில்லை.

பள்ளி மூடியிருந்த அந்த நாள்களில், வீட்டில் இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் பாடத்தாள் கொடுக்க நளினி தோட்டம் தோட்டமாகப் போய் வந்தாள். "இவதான் ஊரெல்லாம் சுத்தி வாங்கிட்டு வந்தா. என் புள்ளைய எடுத்துட்டுப் போயிட்டா" என்று பதினாறாம் நாள் சடங்கில் நான்கு பேர் முன்னால் அப்பா சொன்னார். நளினி ஒரு பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வெளியேறினாள்.

அப்போது அப்பாவின் பக்கத்தில்தான் உமா நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

நளினிக்குக் காய்ச்சல் வந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், சாமி அறையில் சாம்பிராணி போட்டபோது உமாவுக்கு வாசனை தெரியவில்லை. காப்பியில் வாசனை இல்லை. குழம்பில் இல்லை. தொழிற்சாலையில் அவள் வரிசையில் இரண்டு பேரை அந்த வாரம்தான் தனிமைப்படுத்தும் மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அந்தப் பயத்தில், சளி பிடித்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். வசந்தனுக்கு மீன் பரிமாறியதும் அவள்தான்.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

*

அறிவியல் கூடத்தின் வாசலில் நளினி காத்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். காதோரம் நரை. கையில் சோக்குத் தூள்.

உள்ளே நுழைந்ததும் உமாவுக்குக் கண் அலைபாய்ந்தது. கூரையிலிருந்து எட்டுக் கோள்கள் கயிற்றில் தொங்கின. அவற்றைப் பிள்ளைகள் திடலில் நடந்தே படித்தார்களாம். சூரியன் கொடிமரத்தடியில் நின்றால், ஓர் அடிக்கு இத்தனை லட்சம் கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு, நெப்டியூனாக இருந்த பிள்ளை வேலிக்கு வெளியே போய் நின்று கத்தியதாம், "டீச்சர், எனக்கு வெயிலே வரலலா" என்று. சுவரோரம் ஒரு நீண்ட கயிறு. அதில் எலி, பாம்பு, ஆந்தை, செம்பனைப் பழம் என்று அட்டைகள். செம்பனை எண்ணெய்த் தோட்டத்து உணவுச் சங்கிலியாம். ஒரு பிள்ளை கயிற்றை விட்டால் மற்ற எல்லாருடைய கையும் தளர்ந்துவிடும். ஆந்தையைச் சுட்டால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கவேண்டிய அவசியம் வரவில்லையாம்.

இதையெல்லாம் நளினி பெருமையாகச் சொல்லவில்லை. குவளைகளை அடுக்கிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்.

இருபத்து நான்கு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குவளைகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டியிருந்தது. இருபத்து மூன்றில் வெறும் தண்ணீர், ஒன்றே ஒன்றில் சுண்ணாம்புத் தெளிவு. எதில் என்பதை உமா தீர்மானிக்க வேண்டும். நளினிக்கும் தெரியக்கூடாது.

"எனக்குத் தெரிஞ்சா என் கண்ணு காட்டிக் குடுத்திரும், உமா. பிள்ளைங்க ரொம்பக் கெட்டிக்காரங்க."

சொல்லிவிட்டு வெளியே போனாள். உமா ஒன்பதாம் எண் குவளையில் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றினாள். தண்ணீரைப் போலவேதான் இருந்தது. தொழிற்சாலையில் உருப்பெருக்கியின் கீழ் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. அந்தக் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

நளினி திரும்பி வந்தவள் மேசைமேல் இருந்த டப்பியைப் பார்த்து நின்றாள். விரலால் மூடியைத் தொட்டாள்.

"மாமாவோட டப்பியா? மூடியில அந்த நசுங்கல்கூட அப்படியே இருக்கு."

மாமா இன்னும் காலையில் பத்து மணிக்குத்தான் வெற்றிலைக் கடைக்கு வருகிறார் என்றாள் நளினி. அந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் அவள் குடியிருந்தாள். விடுமுறை நாளில் சன்னல் வழியாகப் பார்ப்பாளாம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து கடைக்குள் போவாராம்.

அப்புறம் கரும்பலகைப் பக்கம் திரும்பி, கொட்டை எழுத்தில் எழுதினாள்: நோய் எப்படிப் பரவுகிறது?

உமாவின் கை தானாகக் கைப்பையைத் தேடியது. எழுந்து போய்விடலாமா என்று நினைப்பதற்குள் பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

*

விதி எளிது. ஆளுக்கொரு குவளை. வாயில் வைக்கக்கூடாது, கண்ணில் படக்கூடாது. மணி அடித்ததும் யாராவது ஒருவரிடம் போய், ஒருவர் தண்ணீரை மற்றவர் குவளையில் ஊற்றிக் கலந்து, பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். யாரோடு கலந்தோம் என்று தாளில் எழுத வேண்டும். இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஆள்.

ஒரு பிள்ளை வரவில்லை. இருபத்து மூன்று பேர். ஒருவருக்கு ஜோடி இல்லை. அந்த நேரம் பார்த்து, இது என்ன சத்தம் என்று கேட்க வந்த தலைமையாசிரியர் லோகேந்திரனின் கையில் இருபத்து நான்காம் குவளையைக் கொடுத்துவிட்டாள் நளினி. அவர் கழுத்துப்பட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, தேர்வு எழுத வந்த பையனைப் போல நின்றார்.

மணி அடித்தது. உமா அப்படி ஒரு வகுப்பறையைப் பார்த்ததில்லை. கூச்சலாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் வீணாகக் கத்தவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிறவர்கள், பெயரை அழகாக எழுத வேண்டும் என்று நேரம் கடத்துகிறவர்கள், பெரிய சாரோடு கலக்க ஓடுகிறவர்கள். தேவன் என்ற பையன் எல்லாரையும்விட வேகம். முதல் ஆளாக ஷாமளாவிடம் போய் ஊற்றினான், இரண்டாவது சுற்றில் தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டான்.

அவன் கையில் இருந்த குவளையில் ஒன்பது என்று எழுதியிருந்தது.

உமாவின் கைபேசி கைப்பைக்குள் அதிர்ந்தது. அப்பா. மணி எட்டே முக்கால். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது.

மூன்று சுற்றும் முடிந்தது. குவளைகளை வரிசையாக வைக்கச் சொன்னாள் நளினி. இருபத்து நான்கிலும் ஒரே மாதிரித் தெளிந்த தண்ணீர். உங்களில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே நோய் இருந்தது, இப்போது எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்டாள். இரண்டு என்றார்கள், நான்கு என்றார்கள். தலைமையாசிரியரும் யோசித்து, "நாலுதான்" என்றார்.

நளினி ஒரு புட்டியை எடுத்தாள். மஞ்சளைக் கரைத்து வடிகட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு குவளையிலும் சில சொட்டு.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள். நான்காவது குவளை, சொட்டு விழுந்த இடத்திலிருந்து குபுகுபுவெனச் சிவந்தது.

வகுப்பே குவளையை நோக்கி எக்கியது. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், ஆரத்தி!"

சிரிப்பு வெடித்தது. அந்த இடைவெளியில் ஒருவன் விரலை முக்கிப் பக்கத்துப் பையன் நெற்றியில் பொட்டே வைத்துவிட்டான். இரண்டு பேரையும் கழுவிக்கொண்டு வர அனுப்பினாள் நளினி. உமாவும் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. வசந்தனும் நளினியும் மாலையோடு வந்து நின்ற அன்று, அம்மா இல்லாத வீட்டில், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி எடுத்தது அவள்தான். சுண்ணாம்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். "என்னம்மா, ரத்தமாட்டம் இருக்கு" என்று அண்ணன் கேலி செய்தான்.

கடைசிக் குவளையில் சொட்டு விழுந்தது. எண்ணிப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினார்கள். எட்டு.

"பெரிய சாருக்கும் சிவப்பு" என்று யாரோ சொன்னார்கள். லோகேந்திரன் தன் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான்கு என்று சொன்னவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பத்து மணிக்குக் கூட்டம் இருந்தது. போகவில்லை.

*

இனி துப்பறியும் நேரம் என்றாள் நளினி. யாரிடமிருந்து தொடங்கியது?

தேவகி என்ற பெண்பிள்ளை, இரட்டைப் பின்னல், மூக்குக் கண்ணாடி, கையைத் தூக்கிக்கொண்டே எழுந்து வந்தாள். எட்டுப் பேருடைய தாளையும் வாங்கி மேசையில் பரப்பினாள். முதல் சுற்றில் பெரிய சார் கலந்தது யாரோடு? உமேஷோடு. உமேஷின் குவளை மஞ்சள்தானே? அப்படியென்றால் முதல் சுற்றில் பெரிய சாரிடம் நோய் இல்லை. இருந்திருந்தால் உமேஷும் சிவந்திருப்பான். தலைமையாசிரியர் பெயரை அடித்தாள். அவர் நெஞ்சில் கை வைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

இப்படியே ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தாள். நளினி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கைகட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அந்த முகத்தில் இருந்த மலர்ச்சியை உமா பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லிக் கொடுப்பது என்றால் பேசிக்கொண்டே இருப்பது என்றுதான் இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள். இப்படிச் சும்மா நிற்பதற்கு எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டே பெயர் மிஞ்சியது. தேவன். ஷாமளா. முதல் சுற்றில் இருவரும் ஒருவரோடொருவர் கலந்தவர்கள். இருவரும் சிவப்பு.

"இதுக்கு மேல முடியலை டீச்சர்" என்றாள் தேவகி. "ரெண்டு பேருல யாருன்னு தாளு சொல்லாது."

சரியாகச் சொன்னாய் என்றாள் நளினி. ஆனால் பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் வேண்டும். போன வாரம் காய்ச்சலில் மூன்று நாள் வராமல் இருந்தவள் ஷாமளா என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அவளாகத்தான் இருக்கும் என்றார்கள். எல்லாரையும்விடப் பெரிய குரல் தேவனுடையது.

"எனக்குக் குடுத்ததே அவதான் டீச்சர். நான் சும்மாதான் போனேன்."

ஷாமளா குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூக்கு நுனி சிவந்து, கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தேவகி திரும்பி உமாவைப் பார்த்தாள். "அக்கா, நீங்கதானே ஊத்துனீங்க. உங்களுக்குத் தெரியும்தானே?"

இருபத்து மூன்று தலைகளும் தலைமையாசிரியரும் நளினியும் அவளை நோக்கித் திரும்பினார்கள்.

தெரியும். அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். குற்றமில்லாத ஒருத்தி நடுவில் நிற்கிறாள், சுற்றிலும் பேசுகிறார்கள், தெரிந்தவள் பக்கத்தில் நிற்கிறாள். இந்த இடத்தில் அவள் ஏற்கெனவே ஒரு முறை நின்றிருக்கிறாள்.

"ஒன்பது" என்றாள். "ஒன்பதாம் நம்பர்."

தேவன் தன் குவளையைத் திருப்பிப் பார்த்தான்.

வகுப்பு அவன்மேல் பாய்வதற்கு முன் நளினி கேட்டாள், உனக்குத் தெரிந்ததா என்று.

"இல்ல டீச்சர். தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

தெரியாமல் செய்ததற்கு அவனைத் திட்டலாமா என்று மற்றவர்களைக் கேட்டாள். யோசித்து, கூடாது என்றார்கள். தேவன் ஷாமளாவின் பக்கம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு, "சோரிலா" என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்று தலையாட்டினாள். அத்தோடு அவர்களுக்கு அது முடிந்துபோனது.

தேவகிக்கு முடியவில்லை. "தெரிஞ்சிருந்தா, டீச்சர்?"

நளினி ஒரு குவளையைக் கையில் எடுத்தாள். "நாமளே செஞ்சு பாப்போமே" என்றாள்.

குவளைகளைக் கழுவி மீண்டும் நிரப்பினார்கள். இந்த முறை ஒன்பதாம் எண்ணில் சுண்ணாம்பு என்று எல்லாருக்கும் தெரியும். முதல் சுற்று முடிந்ததும், உடம்பு சரியில்லை என்று தேவன் சொல்ல வேண்டும். அவனும் அவனோடு கலந்தவனும் ஒதுங்கி உட்கார வேண்டும். மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர வேண்டும். முதல் மணி அடித்தது. தேவன் கையைத் தூக்கினான். "டீச்சர், எனக்கு ஒடம்பு சரியில்ல" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்தான். சிரிப்புக்கு நடுவே இன்னும் இரண்டு சுற்று நடந்தது.

மஞ்சள் சொட்டு விழுந்தது. இருபத்து நான்கு குவளையில் சிவந்தது இரண்டு.

எட்டு என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நளினி இரண்டு என்று எழுதினாள். பிள்ளைகள் அந்த இரண்டு எண்களையும் மாறிமாறிப் பார்த்தார்கள். லோகேந்திரன் எழுந்து, அடுத்த வாரம் ஆறாம் ஆண்டுக்கும் இதை நடத்த முடியுமா டீச்சர் என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

உமாவுக்குக் கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எட்டு. இரண்டு. நடுவில் ஆறு பேர்.

*

ஆரத்தித் தண்ணீரை வீட்டில் தொட்டியில் ஊற்ற மாட்டார்கள் என்று தேவகி வாதாடி, வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனாள். கூட நான்கு பேர் ஓடினார்கள். அறையில் அவர்கள் இருவரும் மட்டும். நளினி குவளைகளைத் துடைத்து அடுக்கினாள்.

"அண்ணி" என்றாள் உமா. அந்தச் சொல்லைச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது.

சொன்னாள். புதன்கிழமை, சாம்பிராணி, காப்பி, மீன். தொழிற்சாலையில் அந்த இரண்டு பேர். பதினாறாம் நாள் பக்கத்தில் நின்றது. ஒன்றையும் மறைக்கவில்லை, அழவுமில்லை. அழுதால் நளினிதான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

நளினி கையிலிருந்த குவளையை வெகுநேரம் துடைத்தாள். அது எப்போதோ காய்ந்திருந்தது.

"உனக்கு முதல்ல வந்ததால நீதான் குடுத்தேன்னு ஆயிடாது. எனக்கே தெரியாம முன்னாடியே எனக்கு வந்திருக்கலாம். தாளு சொல்லாது" என்றாள். டீச்சராகத்தான் சொன்னாள். பிறகு குரல் மாறியது. "ஆனா நான் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டேன், உமா. ஆஸ்பத்திரியிலேருந்து கடைசியாப் பேசுனப்ப. என்னாலதாங்க உங்களுக்கு வந்துச்சுன்னு. அவருக்கு மூச்சு வாங்குது, அந்த மூச்சுல எனக்கு ஆறுதல் சொல்றாரு. தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு நிமிசத்துல வேற ஏதாவது பேசியிருப்பேன்."

வெளியே பிள்ளைகள் வாளியைக் கவிழ்க்கும் சத்தமும், மரத்தின் வேரைப் பார்த்து யாரோ கும்பிடச் சொல்வதும் கேட்டது.

நளினி மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. போய்விடு என்றும் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த டப்பியை எடுத்து மூடியை அழுத்தி, உமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாமா தேடுவாரு. கொண்டு போய்க் குடு."

*

பக்கிரிசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெற்றிலைத் தட்டு. பகல் ஒன்றரை வரைக்கும் வெற்றிலை இல்லாமல் இருந்த முகம்.

"ஏழு தடவை போன் அடிச்சேன். எலி தூக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சேன் டப்பிய."

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்ப்பா."

"ஒனக்கு எதுக்குடா சுண்ணாம்பு?"

"அண்ணி கேட்டாங்க."

அவர் கை டப்பிக்காக நீண்டது, பாதி வழியில் நின்றது. பிறகு வாங்கிக்கொண்டார். வெற்றிலையைத் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், விரலில் சுண்ணாம்பைத் தொட்டார். அந்த வீட்டில் அந்தப் பேச்சு எடுக்கக்கூடாது என்பதற்கு அவர் காட்டும் அடையாளம் அது: கேட்காத மாதிரி வேலையைப் பார்ப்பார்.

உமா செருப்பைக் கழற்றாமல், நின்றபடியே சொன்னாள். பள்ளியில் அண்ணியிடம் சொன்னது போலவேதான். சாம்பிராணி என்றபோது அவர் நிமிர்ந்தார். மீன் என்றபோது விரல் வெற்றிலையின் மேலேயே நின்றுவிட்டது.

சொல்லி முடித்தாள். பக்கத்து வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்தது.

"பதினாறாம் நாளு நான் எல்லாரு முன்னாலயும் சொன்னேன்."

"ஆமாப்பா."

"நீ பக்கத்துலதான நின்ன."

"நின்னேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபத்துக்குத் தன்னைத் தயார் செய்தும் வந்திருந்தாள். அவரோ வெற்றிலையை மடிக்காமல் தட்டில் திரும்ப வைத்தார், யாருக்கோ வைத்துக் கொடுப்பதைப் போல மெதுவாக.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?"

அதுகூடத் தெரியாது அவருக்கு.

"நீங்க வெத்தலை வாங்குற கடைக்கு மேலதான்பா. மாடியில. லீவு நாள்ல சன்னல் வழியா உங்களப் பாக்குறாங்களாம். ஹெல்மட்டக் கழட்டாம கடைக்குள்ள போறீங்கன்னு சொன்னாங்க."

பக்கிரிசாமி எழுந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவள் சரிசெய்யக் கை நீட்டியபோது விலகிக்கொண்டார். கூட வரட்டுமா என்று கேட்டாள்.

"நீ இரு" என்றார். மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது என்றுதான் தோன்றியது. நளினி இந்நேரம் பள்ளியிலிருந்து வந்து, பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. உமாவால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பித்தளைத் தட்டை இறக்கினாள். தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. டப்பியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போட்டு விரலால் கலக்கினாள்.

யாருக்கு ஆரத்தி எடுக்கக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கலக்கினாள். தண்ணீர் விரலைச் சுற்றிச் சிவந்தது. இந்தத் தடவை சுண்ணாம்பு அளவாக விழுந்திருந்தது.

தெரு வளைவில் மோட்டார் சத்தம் கேட்டது. அப்பாவின் மோட்டார்தான், அந்த இருமலை அவள் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மோட்டாருக்குப் பின்னால் அண்ணியின் காரும் வருகிறதா என்று காது கொடுத்தாள்.